மூன்றுக்கு அடுத்து ஐந்து

"அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்..."

"எதுக்கு எடுக்கணும்? நானா கட்டிவிட்டேன்? பதிவேட்டுல தெளிவா..."

"பதிவேட்டுல ஆயிரம் இருக்கும். எல்லாத்தையும் அச்சடிச்சு ஜனங்க கையில குடுப்பாங்களா?"

"கேக்கறாங்களே! ஒரு நாளைக்கு நாப்பது பேர் இந்தச் சன்னல்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, ஒண்ணு இருக்கு, ரெண்டு இருக்கு, மூணு இருக்கு, நாலு எங்கேம்மான்னு..."

"அதுக்கு நான் சொல்ற பதிலையே நீங்களும் சொல்லுங்களேன்."

"நீ சொல்றது பதில் இல்லம்மா. கதை."

"ஏங்க," என்றார் சன்னலுக்கு வெளியே குடையோடு நின்றவர். அவர் எப்போது வந்தார் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. "துறைமுகம் போற லோக்கல்?"

"அஞ்சாவது நடைமேடைங்க. படி ஏறி, பாலத்தோட கடைசியில இறங்கணும். ஒண்ணு இருபத்தெட்டு. முன்னாடி ரெண்டு பெட்டியில கூட்டம் குறைவா இருக்கும்."

அண்ணி இதைச் சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. குடைக்காரர் நகர்ந்ததும் மலர்ச்சியும் கூடவே நகர்ந்துவிட்டது.

சன்னலுக்கு இந்தப் பக்கம், விசாரணை அறைக்குள் இருந்த இரண்டு பெண்களும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். ஒருத்தி அந்த வீட்டுக்கு வாழ வந்தவள், மற்றவள் அங்கிருந்து வாழப் போனவள். அண்ணிக்கு விசாரணைச் சன்னலில் இருபத்தொன்பது வருட வேலை. நாத்தனார் மாடியில், அறிவிப்பு அறையில், ஒலிபெருக்கிக்கு முன்னால் இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருப்பவள். நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாய்கூட வைக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

சண்டைக்குக் காரணம் மேசைமேல் கிடந்த ஒரு தாள். ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாவது நடைமேடையின் எண் நான்கு என்று மாறப்போகிறது. ஐந்து எப்படி நான்காகும் என்று பயணிகள் குழம்பக்கூடாது என்பதற்காக, நிலைய மேலாளர் ஒரு துண்டுப் பிரசுரம் போட ஏற்பாடு செய்திருந்தார். ஒரு பக்கம் நிலையத்தின் வரலாறு, மறுபக்கம் வசதிகள். பக்கத்துக்கு நாற்பது வரி. எழுதச் சொன்னது அண்ணியை. இரண்டு மணிக்கு அச்சகத்துக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

வசதிகள் பக்கம் போன வாரமே முடிந்துவிட்டது. காத்திருப்புக் கூடம் இரண்டு, பொருள் பாதுகாப்பறை ஒன்று, சக்கர நாற்காலி மூன்று, குடிநீர்க் குழாய் ஒன்பது. "பதினொண்ணு இல்லையா?" என்று மேலாளர் கேட்டார். "குழாய் பதினொண்ணு சார். தண்ணி வர்றது ஒன்பதுல," என்றாள் அண்ணி. அவள் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

வரலாற்றுக்காகப் பழைய பதிவேடுகளை இறக்கிப் பதினைந்து நாள் தும்மினாள். முதலில் தானியமும் மரமும் இறக்க ஒரு கிடங்கு மட்டும் இருந்தது. பிறகு சரக்கு ரயிலின் வாலில் ஆட்கள் ஏற இரண்டு பெட்டிகளைக் கோத்தார்கள். அதற்கப்புறம் ஊர்ப்பக்கம், ஆற்றுப்பக்கம் என்று எண்ணில்லாத இரண்டு நடைமேடைகள். நாற்பத்தாறு வருடங்களுக்கு முன்னால் மின்கம்பி வந்தது, லோக்கல் ரயில்கள் வந்தன, இரண்டு நடைமேடை நான்கானது. அப்போதுதான் எண் போட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

ஏன் ஐந்து என்பதற்குப் பதிவேட்டில் இருந்ததை அண்ணி அப்படியே இறக்கியிருந்தாள். முப்பத்தோராவது வரி: 'எண் எழுதிய பெயிண்டரின் கவனக்குறைவால் நான்கு விடுபட்டது.'

அந்தப் பெயிண்டர் மைக்கம்மாவின் அப்பா. அண்ணியின் மாமனார்.

"பேர் போடலையே நான்," என்றாள் அண்ணி.

"பேர் வேற போடணுமா? இந்த ஸ்டேஷனுக்கு இருந்தது ஒரே பெயிண்டர். கழுத்துல பலகை மாட்டி விட்டது மாதிரி இருக்கு."

"வேற என்ன எழுதச் சொல்றே?"

"நாலாவது பாதை ஒண்ணு வர்றதா இருந்துச்சு, அதுக்காக எண்ணை விட்டு வெச்சாங்கன்னு எழுதுங்க."

"எந்தப் பாதை? எங்கேயிருந்து எங்கே? மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு பெஞ்சு போட இடம் இருக்கா? நீ மாடியில இருந்து தினம் பாக்கறியே, உனக்கே தெரியலையா?"

"சின்ன வயசுலேருந்து எங்க வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் அது. உங்களுக்குத் தெரியலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

"அதே வீட்லதான் நானும் முப்பத்திரண்டு வருஷமா இருக்கேன். மாமா வாயால அந்தப் பாதையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"அவர் பெருமையடிக்கற ஆளா?"

"பெருமையடிக்க விஷயம் வேணும்ல?"

மைக்கம்மா டப்பாவை மூடினாள். மூடிய வேகத்தில் கரண்டி துள்ளிக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் குனிந்தார்கள். தலை முட்டிக்கொள்ளாமல் தப்பியதே பெரிய விஷயம்.

"அண்ணி, நிதானமாவே சொல்றேன். ஒண்ணாம் தேதி அப்பாவையும் கூப்பிட்டிருக்காங்க. பழைய ஊழியர்னு முதல் தாளை அவர் கையிலதான் குடுக்கப் போறாராம் மேலாளர். எண்பத்தோரு வயசுல, நாலு பேர் முன்னாடி நின்னுக்கிட்டு, தன்னைப் பத்தியே கவனக்குறைவுன்னு அவர் படிக்கணுமா? இதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. நீங்கதானே எல்லாருக்கும் பதில் சொல்றவங்க."

அண்ணி பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

"அடியில பாரு," என்றாள் பிறகு. "'தகவல்: விசாரணைப் பிரிவு'ன்னு போட்டிருக்கு. இந்தச் சன்னல்லேருந்து தெரிஞ்சே ஒரு தப்பான தகவல் போனதில்ல. ரயில் ரெண்டு மணி நேரம் லேட்டுன்னா, ரெண்டு மணி நேரம் லேட்டுன்னுதான் சொல்லியிருக்கேன். திட்டுறவங்க திட்டிக்கட்டும்னு."

"ரயிலும் அப்பாவும் ஒண்ணா?"

"இல்லம்மா. ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. அந்த வரி அச்சாச்சுன்னா நான் உங்க வீட்டு வாசப்படி ஏற மாட்டேன்."

"உனக்கு அது வந்து போற வாசப்படி. நான் ஏற மாட்டேன்னு சொல்ல முடியுமா? சாயங்காலம் போய் அவருக்கு டீ போடணும்."

கதவு தட்டப்பட்டது. பொருள் பாதுகாப்பறைக்காரர் தலையை நீட்டினார். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் அவருக்குப் பூட்டு என்று பெயர்.

"மேடம், உங்க பேருக்கு ஒரு பழைய சரக்கு வந்திருக்கு. உடையற பொருள். கையெழுத்துப் போட்டு எடுத்துக்குங்க."

"யாரைடா சரக்குங்கறே?" என்றபடி பூட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார் பெரியவர். வெளுத்த சட்டை, கையில் துணிப்பை, மூக்கில் புத்தம்புதுக் கண்ணாடி. நிலையத்துக்கு எதிர்த் தெருவில் கண்ணாடிக் கடை. காலையில் மகன் அவரை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம் அழைத்துப் போவதாக ஏற்பாடு.

"மாமா! கடையிலேயே உக்காந்திருக்கச் சொன்னாரே உங்க பிள்ளை?"

"சொன்னான். அவங்க கடையில படிக்கக் குடுக்கற அட்டை இருக்கே, அ, ம, ப, ட... அதுல என்ன சுவாரஸ்யம் இருக்கு? நானே நடந்து வந்துட்டேன். ரோடு நல்லாத் தெரியுதும்மா. நம்ம பூட்டு மூஞ்சியும் நல்லாத் தெரியுது. அதுக்குப் பழைய கண்ணாடியே தேவலை."

பூட்டு சிரித்துக்கொண்டே போனார். பெரியவர் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் உர்ருனு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்ல மாமா."

"இவ்வளவு ஒத்துமையா என்னைக்கு இருந்தீங்க நீங்க? சரி, எதையாவது குடுங்க, படிச்சுப் பாக்கறேன். பொடி எழுத்தா இருந்தா நல்லது."

மைக்கம்மா எட்டி ஒரு பழைய கால அட்டவணையை எடுத்தாள். அதற்குள் அவர் கை மேசைமேல் கிடந்த தாளின்மேல் விழுந்துவிட்டது.

"அப்பா, அது வேணாம், அது இன்னும் முடியல..."

"முடியாதது தெரியுதான்னு பாப்போமே." அவர் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பிறகு பக்கத்தில் கொண்டுவந்து, சத்தமாகவே படிக்கத் தொடங்கினார். "'இந்நிலையம் முதலில் ஒரு சரக்குக் கிடங்காகவே தொடங்கியது.' ஆமா, அந்தக் கிடங்குதான் இப்போ சைக்கிள் நிறுத்தற இடம். நல்லா எழுதியிருக்கேம்மா."

அண்ணி தலையாட்டினாள். மைக்கம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சரக்கு ரயிலைக் கடந்தார், ஊர்ப்பக்கம் ஆற்றுப்பக்கத்தைக் கடந்தார், மின்கம்பிக்கு வந்தார். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். முப்பத்தோராவது வரியில் விரல் நின்றது. குரலும் நின்றது.

சன்னலில் ஒரு பெண் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டாள். அண்ணி வழி சொன்னாள்.

"கவனக்குறைவு," என்றார் பெரியவர் கடைசியில். "இந்த வார்த்தையை எழுதறதுல நிறையப் பேர் நடுவுல வர்ற 'க்'கை விட்டுடுவாங்க. நீ சரியா எழுதியிருக்கே."

"அப்பா, நான் அப்போலேருந்து இவங்ககிட்ட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்களே சொல்லுங்க. புதுப் பாதைக்காகத்தானே நாலை விட்டீங்க?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"என்னப்பா இது? வீட்ல எல்லாரும்..."

"உங்கம்மா சொன்னா."

"அம்மா சொன்னா என்ன, நீங்க சொன்னா என்ன?"

"ரெண்டாங் கிளாஸ்ல உன்னை 'நாலு தெரியாதவர் மக'ன்னு கூப்பிட்டுச்சுங்க கூடப் படிச்ச பிள்ளைங்க. பையைத் தூக்கி எறிஞ்சுட்டு இனிமே பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுதே. உங்கம்மா உன்னை மடியில போட்டுக்கிட்டு, அங்கே பெரிய பாதை வரப்போகுதுடி, அதுக்குத்தான் உங்கப்பா இடம் விட்டிருக்காருன்னா. மறுநாள் நீ தலை நிமிர்ந்து போனே. நான் இல்லேன்னு சொல்லல. சொல்லியிருக்கணும். நீ அதையே பிடிச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டுவேன்னு யார் கண்டா?"

மைக்கம்மாவுக்கு உட்கார இடம் தேவைப்பட்டது. இருந்த இரண்டு நாற்காலியும் போய்விட்டதால் பதிவேட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். பள்ளிப் பிள்ளைகள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம் அவர்களுக்கு அவள்தான் அந்தப் பாதையைக் கையை நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

"அப்போ பதிவேடு சொல்றது சரிதானே மாமா?" என்று அண்ணி கேட்டாள். ஜெயித்த குரலில் கேட்கவில்லை. கேட்கவேண்டி இருந்ததால் கேட்டாள்.

"அதுவும் இல்லம்மா."

"இதுவும் இல்ல, அதுவும் இல்லேன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"ஒரு மேடைக்கு நாலு பலகைன்னு பேச்சு. ஒண்ணாம் நம்பர் நாலு பலகை, ரெண்டு நாலு பலகை, மூணு நாலு பலகை, எல்லாம் எழுதி மாட்டியாச்சு. மறுநாள் காலையில திறப்பு. மத்தியானம் அப்போ இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் வேகமா வந்தாரு. கடைசி மேடை நீளம் கம்மி பாரு, அதுக்கு ரெண்டு பலகை போதும்னு அவருக்குத் தோணியிருக்கு. என்கிட்ட வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'அடுத்ததுக்கு நாலு வேணாம்'னாரு."

அண்ணி அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அடுத்ததுக்கு... நாலு வேணாம்."

"அதேதான். 'நாலு வேணாமா சார்?'னு கேட்டேன். 'வேணாம்'னாரு. எனக்கு மனசு கேக்கல. அவர் போயிட்டே இருந்தாரு, பெயிண்ட் டப்பாவைக் கீழ வெச்சுட்டுப் படிவரைக்கும் பின்னாடியே ஓடி, 'சார், நிச்சயமா நாலு வேணாமா?'னேன். 'எத்தனை தடவைய்யா சொல்றது, வேணாம்னா வேணாம், போய் அடுத்ததை எழுது'ன்னாரு. நாலு வேணாம், அடுத்ததை எழுது. அடுத்தது என்ன?"

"அஞ்சு," என்றாள் மைக்கம்மா பதிவேட்டுக் கட்டிலிருந்து.

"அஞ்சு. பெரிய இடத்துல ஏதோ காரணம் இருக்கும், நமக்கென்னன்னு எழுதினேன். நாலு பலகையிலும் எழுதி மாட்டினேன். சாயங்காலம் வந்து பாத்தாரு. அண்ணாந்து பாத்ததும் அவருக்கு வந்துச்சு பாரு கோபம்! 'நாலு வேணாம்னு அவ்வளவு தூரம் சொன்னேனே, நாலை மாட்டி வெச்சிருக்கியே!'ங்கறாரு. எனக்கும் கோபம் வந்துடுச்சு. 'நாலு எங்க சார் இருக்கு? கண்ணைத் திறந்து பாருங்க, அஞ்சுதானே எழுதியிருக்கேன்!'ங்கறேன். அவர் பலகையை எண்ணறாரு, நான் எண்ணைக் காட்டறேன். ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு கத்தறோம். கூட்டம் கூடிடுச்சு."

அண்ணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மைக்கம்மா முறைக்க நினைத்து அவளும் சிரித்துவிட்டாள். கடைசியில் பெரியவரே சிரித்தார், இருமல் வரும்வரை. மைக்கம்மா எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"உடனே மாத்தியிருக்கலாமேப்பா? நாலு பலகைதானே?"

"தூரிகையைக் கையில எடுத்துட்டேன். அதுக்குள்ள தெரியுது, கால அட்டவணை அடிக்கற ஆள் காலையிலேயே... இல்ல, அன்னைக்கு நாலு மணிக்கே வந்து, ஒவ்வொரு மேடையா நடந்து, பலகையைப் பாத்துக் குறிச்சுக்கிட்டுப் போயிட்டாராம். அஞ்சுன்னு அச்சாயிடுச்சு. சரி, தற்காலிகமா இருக்கட்டும்னாங்க."

"நாப்பத்தாறு வருஷமா தற்காலிகம்," என்றாள் அண்ணி.

"என்கிட்ட விளக்கம் கேட்டாங்க. ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன், இப்போ சொன்ன மாதிரியே. படிச்சவர் ஒரு வார்த்தையில முடிச்சுட்டாரு. பதிவேட்டுல நீ பாத்தது அந்த வார்த்தைதான்."

"அந்த ரெண்டு பக்கம் கட்டுல இல்ல மாமா. எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"இருக்காது. யார் வெச்சிருக்கப் போறாங்க?"

மைக்கம்மா திடீரென்று அண்ணியின் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க. மாஸ்டர் வந்தது, சொன்னது, பின்னாடி ஓடினது, பலகையை எண்ணினது, ஒண்ணு விடாம."

"இப்போதான் எடு எடுன்னே. இப்போ எழுது எழுதுங்கறே."

"அது வேற, இது வேற."

"எங்கே எழுதறது? நாப்பது வரி. முப்பத்தொன்பது எழுதியாச்சு. இன்னும் எட்டு நிமிஷத்துல அச்சகத்துக்காரர் வந்துடுவாரு."

"அந்தச் சரக்குக் கிடங்கைத் தூக்குங்க. சைக்கிள் நிறுத்தறதுக்கு வரலாறு எதுக்கு?"

"நிலையமே அங்கேதாம்மா ஆரம்பிச்சுது! ஆரம்பத்தை எடுத்துட்டு எப்படி..."

"அப்போ மறுபக்கத்துல குழாயைத் தூக்குங்க..."

"குழாய் மேல கை வெச்சே தெரியும்..."

"மாஸ்டர் தப்பாச் சொன்னாருன்னாவது போடுங்க!"

"அவர் மேல போடாதீங்க," என்றார் பெரியவர். குரல் உயரவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் நிறுத்தினார்கள். "அவர் சொன்னதுல தப்பில்ல. அவர் பலகையைச் சொன்னாரு. அவர் போய்ச் சேர்ந்துட்டாரு, அவருக்கும் பேரன் பேத்தி இருப்பாங்க. ஒண்ணாம் தேதி அவங்களும் வரலாம்."

அண்ணி முப்பத்தோராவது வரியின்மேல் ஒரு கோடு இழுத்தாள். நேரான கோடு, பாதிப் பேனா மையை அதற்கே செலவழித்தவள் போல அழுத்தி இழுத்தாள். அடித்த வரிக்கு மேலே எழுத இருந்த இடம் ஒரு விரல் அகலம்தான்.

"யார் தப்பும் இல்லேன்னா எப்படி மாமா ஒரு வரியில முடிக்கறது? ஒருத்தர் தப்புன்னாதான் ஒரு வரியில முடியும்."

"அதனாலதானே அவங்களும் அப்படி முடிச்சாங்க," என்றார் அவர்.

வெளியே அச்சகத்துக்காரர் வந்துவிட்டார். சன்னல் வழியாகக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அண்ணி இரண்டு நிமிடம் என்று விரலைக் காட்டினாள். பேனா தாளைத் தொடாமல் மேலேயே நின்றது. மைக்கம்மா அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். ஐந்தாவது நடைமேடையிலிருந்து ஒரு ரயில் கிளம்பும் சத்தத்தில் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்து அடங்கியது.

பெரியவர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டு, அந்த ஒரு விரல் இடத்தைக் குனிந்து பார்த்தார். எத்தனை எழுத்து கொள்ளும் என்று அளப்பவர் போல விரலை வைத்து நகர்த்தினார்.

"பெரிசா ஒண்ணும் வேணாம்மா," என்றார். "ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் எழுதினாருன்னு மட்டும் போட முடியுமா?"